இதற்கு மேல் ஒன்று கூட்டாதீர்கள்!

உங்கள் முதலாளி நல்ல மூடில் இருக்கும்போது போய் இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"ஸார், எனக்கு மாசச் சம்பளமே வேணாம். ஒண்ணாம் தேதி ஒரு பைசா குடுங்க. ரெண்டாம் தேதி ரெண்டு பைசா. மூணாம் தேதி நாலு. இப்படி தினமும் முந்தின நாளைவிட ரெண்டு மடங்கு. மாசக் கடைசியில கணக்குத் தீர்த்துக்கலாம்."

'பாவம், பையனுக்கு என்னவோ ஆயிடுச்சு' என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார். பத்தாம் தேதி மொத்தமாக எண்ணிப் பார்த்தால் பத்து ரூபாய் இருபத்து மூன்று பைசா. வீட்டில் அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். பதினைந்தாம் தேதி 327 ரூபாய் 67 பைசா. (இந்த 32767-ஐ ஓர் ஓரமாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ராக்கெட் வெடிக்கப் போகிறது.) இருபதாம் தேதி 10,485 ரூபாய் 75 பைசா. முதலாளி இப்போது சிரிப்பதை நிறுத்தியிருப்பார். முப்பத்தோராம் தேதி சாயந்திரம் உங்களுக்குச் சேர வேண்டியது 2 கோடியே 14 லட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 பைசா!

ஒரே ஓர் எச்சரிக்கை. இதைப் பிப்ரவரியில் ஆரம்பித்துவிடாதீர்கள். 28 நாளில் 26 லட்சத்துச் சொச்சம்தான் தேறும். மூன்றே நாள் குறைந்ததில் ஒரு கோடியே எண்பத்தெட்டு லட்சம் அவுட்!

மேற்படி தொகையைப் பைசாவில் எழுதினால் 2147483647. இந்த வாரம் நம்ம ஹீரோ இந்த எண்தான். இரண்டை முப்பத்தோரு தடவை பெருக்கி, வந்ததில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. பார்த்தால் யாரோ தூக்கக் கலக்கத்தில் தட்டிய டெலிபோன் நம்பர் மாதிரி இருக்கிறது. ஆனால், கண் தெரியாத ஒரு மேதையை உட்கார்ந்து கணக்குப் போட வைத்த எண் இது. நடுவானில் விமானத்தின் கரண்டைப் பிடுங்கக்கூடிய எண். இன்னும் சில வருஷத்தில் உலகத்துக் கடிகாரங்களில் ஒரு பகுதியை 1901-க்குத் திருப்பி அனுப்பப் போகிற எண்ணும் இதுதான்.

முதலில் ஜாதகம் பார்த்துவிடுவோம். இது பகா எண். அதாவது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாது. 'அதுல என்ன பெரிய அதிசயம், 7 கூடத்தான் வகுபடாது' என்கிறீர்களா? ஏழுக்குச் சொல்லிவிடலாம். இருநூற்றுப் பதினான்கு கோடிக்கு யார் உட்கார்ந்து வகுத்துப் பார்ப்பது?

இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த எண்கள்மேல் கணக்குக்காரர்களுக்கு எப்போதுமே ஒரு கண். 3, 7, 31, 127... எல்லாம் பகா எண்கள். இரண்டை எத்தனை தடவை பெருக்கினோமோ அந்த எண்ணிக்கையே பகா எண்ணாக இருந்தால்தான் விடையும் பகா எண்ணாக வாய்ப்பு. வாய்ப்புதான், உத்தரவாதம் இல்லை. 11 தடவை பெருக்கி ஒன்று கழித்தால் 2047. இது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினால் வருவது. கவிழ்த்துவிட்டது பாருங்கள்.

இத்தாலியில் கடால்டி என்ற போலோனா நகரத்து ஆசாமி, 17-ம் 19-ம் சரி என்று நிஜமாகவே கணக்குப் போட்டு நிரூபித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 1603-ல் வெளிவந்த புஸ்தகத்தில் 23, 29, 31, 37 நாலும் சரிதான் என்று சேர்த்து அடித்துவிட்டார். நாலில் மூன்று தப்பு! 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா கவிழ்த்தார். 29-ஐ ஆய்லர் கவிழ்த்தார். மிச்சம் நின்றது 31. அப்புறம் 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 257 வரைக்கும் ஒரு பட்டியல் போட்டார். அதில் 31 இருந்தது. 67-ம் இருந்தது. அந்த 67 தப்பு என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார் என்றாலும், எந்த எண்களால் வகுபடும் என்று கண்டுபிடிக்க 1903 ஆயிற்று. கோல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் மேடையேறி, வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். கைதட்டல் கூரையைப் பிளந்ததாம். அந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க அவருக்கு ஆனது மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் என்று சொல்வார்கள். திருமதி கோல் என்ன சொன்னார் என்று சரித்திரத்தில் குறிப்பு இல்லை.

நம்ம 31-க்கு வருவோம். 1771-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் பெரிய தீ விபத்து. ஆய்லரின் வீடும் எரிந்தது. அவருக்கு அப்போது வயது 64. ஒரு கண் இளம் வயதிலேயே போய், மற்றதில் புரை விழுந்து, ஏறக்குறைய முழுக் குருடு. அவருடைய ஊர்ப்பக்கத்து சுவிஸ்காரர் ஒருவர் நெருப்புக்குள் புகுந்து அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார் என்பார்கள். நாமாக இருந்தால் மிச்ச ஆயுளை அந்த நெருப்பைப் பற்றிப் பேசியே ஓட்டியிருப்போம். மனிதர் மறுவருஷம் என்ன செய்தார் தெரியுமா? 1772-ல் பெர்லின் அகாடமி வெளியீட்டில் வந்த, பெர்னூலிக்கு எழுதிய ஒரு கடிதத்தில், '2147483647 பகா எண்தான்' என்று அறிவித்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் சுவாரஸ்யம். ஓர் எண் வகுபடுமா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரை சோதித்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரைக்கும் உள்ள பகா எண்கள் சுமார் 4,800. ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். கண் தெரிகிறவனுக்கே தலை சுற்றும். ஆய்லர் வகுக்கவில்லை, முதலில் யோசித்தார்.

கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், பிரமாதமான யோசனை. நமது எண்ணை ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1-ல் பஸ் ஏறுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கையில் இருப்பதை இரட்டிப்பாக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக 7-ஐ எடுத்தால் 1, 2, 4, அப்புறம் 8-க்கு மீதி 1. மூன்றே ஸ்டாப்பில் புறப்பட்ட இடத்துக்கே வந்தாயிற்று. சுற்றுப் பஸ். நமது எண்ணை வகுக்கிற பகா எண்ணாக இருந்தால், பஸ் சரியாக 31-வது ஸ்டாப்பில் 1-க்குத் திரும்ப வேண்டும். 31 பகா எண் என்பதால் நடுவில் குறுக்கு வழியில் திரும்பவும் முடியாது. இன்னொரு பக்கம், ஃபெர்மா சொன்ன விதி ஒன்று இருக்கிறது: ஒற்றைப்படைப் பகா எண் எதுவானாலும், அதில் ஒன்று குறைத்து அத்தனை ஸ்டாப் போனால் பஸ் கண்டிப்பாக 1-ல் நிற்கும். இரண்டையும் முடிச்சுப் போட்டால்? ஒன்று குறைத்த அந்த எண், 31-ஆல் மீதியில்லாமல் வகுபட்டே ஆக வேண்டும். அது இரட்டைப்படை வேறு. ஆக, 62-ஆல் வகுபட வேண்டும்!

இதே தந்திரத்தில்தான் ஃபெர்மா 23-ஐக் கவிழ்த்தார். அங்கே தேட வேண்டியது 46-ன் மடங்கோடு ஒன்று. முதல் ஆளே 47. வகுத்துப் பார்த்தால் வகுபட்டுவிட்டது. கடால்டி எட்டிக்கூடப் பார்க்காத அடுத்த வீட்டிலேயே திருடன்!

ஆய்லர் இன்னொரு வடிகட்டியும் போட்டார். வகுக்கிற எண்ணை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7-தான் வர முடியும். இரண்டு வடிகட்டிக்கும் தப்பி நிற்பவை 248-ன் மடங்கோடு 1 கூட்டியவையும், 63 கூட்டியவையும் மட்டுமே. ஆயிரக்கணக்கான வகுத்தல் சுருங்கி அதிகபட்சம் 372 ஆனது. அதிலும் பல எண்கள் பகா எண்ணே இல்லை என்று தள்ளுபடி. முதல் நிஜமான சந்தேகக் கேஸ் 311. மளிகைக் கடை கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்: மீதி 35. நிரபராதி. இப்படி ஒவ்வொன்றாக எல்லாரையும் விசாரித்து, குற்றவாளி யாருமே இல்லை என்று தீர்ப்பு எழுதினார் ஆய்லர். முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாக, உலகத்திலேயே மிகப் பெரிய பகா எண் என்ற பட்டம் இதற்குத்தான்.

இந்தப் பகா எண்ணை வைத்து இன்னொரு ராட்சஸனும் பிறந்தான். 6-ஐ வகுக்கும் சின்ன எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே 6. 28-க்கு 1, 2, 4, 7, 14. கூட்டினால் அதே 28. கொடுத்ததும் வாங்கினதும் பைசா சுத்தமாகச் சரியாக இருப்பதால் இவற்றுக்கு 'பர்ஃபெக்ட்' எண்கள் என்று பெயர். இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண் ஒன்று கிடைத்தால், கூடவே ஒரு பர்ஃபெக்ட் எண்ணும் கிடைக்கும் என்று யூக்ளிடே வழி சொல்லிவிட்டார். நமது ஹீரோ கொண்டுவந்தது 2305843008139952128. வரிசையில் எட்டாவது. 1811-ல் பீட்டர் பார்லோ என்ற இங்கிலீஷ்காரர் தன் புஸ்தகத்தில் இதைக் குறிப்பிட்டு, இதைவிடப் பெரிய பர்ஃபெக்ட் எண்ணை இனிமேல் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று ஆரூடம் சொன்னார். காரணம்? இவையெல்லாம் வேடிக்கைதானே, உபயோகம் ஒன்றும் இல்லையே, எவன் மெனக்கெடுவான் என்று!

மனுஷ சுபாவம் தெரியாதவர். உபயோகமில்லாத காரியம் என்றால்தான் நாம் ராத்தூக்கம் முழித்துச் செய்வோம். இதுவரை கிடைத்திருப்பவை 52. கடைசியாக 2024 அக்டோபரில் வந்த பகா எண், இரண்டை 13 கோடியே 62 லட்சத்து 79 ஆயிரத்து 841 தடவை பெருக்கி ஒன்று கழித்தது. நாலு கோடியே பத்து லட்சம் இலக்கங்கள். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கமாக அச்சடித்தாலும் பதின்மூன்றாயிரத்து அறுநூறு பக்கத்தைத் தாண்டும். (ஆசிரியர் மறுத்துவிட்டார்.)

இன்னொரு வேடிக்கை. 31-ம் இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்தான்: 5 தடவை. ஆக 5 பெற்ற பிள்ளை 31. 31 பெற்ற பிள்ளை 2147483647. அப்படியென்றால் இரண்டை 2147483647 தடவை பெருக்கி ஒன்று கழித்தால் பேரனும் பகா எண்ணாக இருக்குமோ? 64 கோடி இலக்கத்துக்கு மேல் உள்ள எண் அது. எழுதிப் பார்க்கவே முடியாது. ஆனால் ஆய்லரின் வடிகட்டி இங்கேயும் வேலை செய்கிறது. 295257526626031 என்ற எண் அதை வகுத்துவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வம்சம் அத்தோடு முடிந்தது.

பார்லோ 'உபயோகமில்லை' என்றாரே, அதற்கு இந்த எண் பழிவாங்கியது கம்ப்யூட்டர் யுகத்தில்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சுவிட்ச் போடுவதும் அணைப்பதும். ரொம்ப காலமாக ஓர் எண்ணுக்கு 32 சுவிட்ச் ஒதுக்குவது வழக்கம். ஒன்று பிளஸ்ஸா மைனஸா என்று சொல்ல. மீதி 31-ல் எண். முதல் சுவிட்ச்சுக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, 4, 8... அட, நம்ம பைசா சம்பளம்! முப்பத்தொன்றையும் போட்டுவிட்டால் 2147483647. அதற்கு மேல் ஒன்று கூட்டினால்? பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் 99999-க்கு அப்புறம் 00000 ஆவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே அதைவிட மோசம். முப்பத்தொன்றும் அணைந்து, மைனஸ் சுவிட்ச் விழுந்துவிடும். விடை மைனஸ் 2147483648! கல்லாப்பெட்டி நிரம்பி வழிகிற நேரத்தில் இன்னொரு ரூபாய் போட்டதும், அத்தனையும் கடனாக மாறினால் எப்படி இருக்கும்? அப்படி.

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன 32767, இந்தக் குடும்பத்தின் தம்பி. 16 சுவிட்ச் எண்ணின் உச்சவரம்பு. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஃபிரெஞ்ச் கயானாவிலிருந்து கிளம்பிய முதல் 'ஏரியன் 5' ராக்கெட்டில், வேகம் சம்பந்தப்பட்ட ஒரு பெரிய எண்ணை அந்தச் சின்னப் பெட்டிக்குள் திணிக்கப் பார்த்தார்கள். கொள்ளவில்லை. கிளம்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, நாலு விஞ்ஞானச் செயற்கைக்கோள்களோடு வானவேடிக்கை.

அண்ணன் கொஞ்சம் பொறுமைசாலி. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டுப்படுத்தும் பெட்டிக்குள் ஒரு கவுன்டர். ஒரு செகண்டின் நூறில் ஒரு பங்குக்கு ஒன்று என எண்ணிக்கொண்டே இருக்கும். கரன்ட்டை அணைக்காமல் 248 நாள் விட்டால் 2147483647-ஐத் தொட்டுவிடும். அப்புறம் எல்லா ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் 'எனக்கென்ன' என்று உட்கார்ந்துவிடலாம், ஆகாயத்தில் இருந்தாலும் சரி. 2015-ல் அமெரிக்க விமானத்துறை அவசரமாக ஓர் உத்தரவு போட்டது: அவ்வப்போது அணைத்துப் போடுங்கள்! கோடிக்கணக்கான டாலர் விமானத்துக்கும் நம்ம வீட்டு டிவிக்கும் ஒரே வைத்தியம். (ஆய்லரின் வடிகட்டியிலும் 248 வந்ததே என்று புருவத்தைத் தூக்காதீர்கள். அது எட்டு முப்பத்தொன்று. இது வெறும் தற்செயல்.)

2014 டிசம்பரில் கொரியாக்காரர் ஸை ஆடிய 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் இந்த எண்ணைத் தாண்டியது. முன்கூட்டியே முழித்துக்கொண்டு 64 சுவிட்ச்சுக்கு மாறியிருந்ததால் தப்பித்தார்கள். புது உச்சவரம்பு 9223372036854775807. பெரிசுதான், ஆனால் பகா எண் இல்லை. ஏழால் வகுபட்டுவிடும். அண்ணனின் கௌரவம் அதற்கு இல்லை.

நம் ஊர் மொபைல் எண்கள் பத்து இலக்கம், 6-லிருந்து 9-க்குள் ஆரம்பிப்பவை. அத்தனையும் 214 கோடியைவிடப் பெரிசு. புதுசாக புரோகிராம் எழுதப் பழகும் பிள்ளைகள் இதை யோசிக்காமல் 32 சுவிட்ச் பெட்டியில் சேமிக்கப் போய், ஊரிலுள்ள வாடிக்கையாளர் எல்லாருக்கும் ஒரே நம்பர், 2147483647 என்று பதிவாகி முழிப்பது சகஜம்.

இதெல்லாம் டிரெய்லர். மெயின் பிக்சர் 2038-ல்.

ஏராளமான கம்ப்யூட்டர்கள் நேரத்தை நாள், மாசம் என்று வைத்துக்கொள்வதில்லை. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவிலிருந்து எத்தனை செகண்ட் ஆயிற்று என்று ஒரே ஓர் எண்ணாக வைத்துக்கொள்கின்றன. பழைய பெட்டிகளில் அது 32 சுவிட்ச் எண். 2147483647 செகண்ட் என்பது 68 வருஷமும் சில நாட்களும். நிரம்புகிற நேரம்: 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்ட். பொங்கல் லீவு முடிந்து ஆபீஸுக்கு பஸ் பிடிக்கிற நேரம். எட்டாவது செகண்டில் அந்தப் பெட்டிகளின் கணக்கு மைனஸில் விழுந்து, கிரீன்விச் தேதி 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். பாரதிக்கு 19 வயது முடிந்து இரண்டே நாள். ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படிக்கும் பதின்மூன்று வயசுப் பையன். கம்ப்யூட்டர் அங்கே போய் நின்றுகொண்டு, 'உங்க பாலிசி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே' என்று சொல்லும்.

2000-ஆவது வருஷம் பிறக்கும்போது 'ஒய்டூகே' என்று பயமுறுத்தினார்களே, அந்த மாதிரிதானா? அதைச் சரிசெய்யத்தான் நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் ப்ளேன் ஏறினார்கள். நடுராத்திரி பெரிதாக எதுவும் நடக்காததால் 'சும்மா புரளி' என்றது ஊர். எனக்கென்னவோ, கூரையை முன்கூட்டியே வேய்ந்தவனைப் பார்த்து 'மழைதான் ஒழுகலையே' என்று கேட்பது மாதிரிதான் படுகிறது.

இந்தத் தடவையும் வேலை நடக்கிறது. இப்போதைய போன்களும் கம்ப்யூட்டர்களும் பெரும்பாலும் 64 சுவிட்ச்சுக்கு மாறிவிட்டன. அதில் செகண்ட் எண்ணினால் 29,200 கோடி வருஷம் தாங்கும். பிரபஞ்சத்தின் வயசே 1,380 கோடி வருஷம்தான். 32 சுவிட்ச் மெஷின்களும் தப்பிக்க லினக்ஸில் 2020-ல் வழி செய்தார்கள். கவலை எதில் என்றால், சுவருக்குள்ளும் மெஷினுக்குள்ளும் ஒளிந்திருக்கும் சின்னச் சின்னப் பெட்டிகளில். ஃபாக்டரிக் கட்டுப்பாடு, பழைய ரவுட்டர் மாதிரி, ஒருமுறை மாட்டினால் யாரும் திரும்பிப் பார்க்காதவை. அவற்றில் எது எந்தக் கணக்கு வைத்திருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். எதிர்காலத் தேதியைக் கணக்குப் போடும் எதற்கும் அந்த நாள் முன்னாலேயே வந்துவிடும். 'ஏஓஎல்சர்வர்' என்றொரு மென்பொருளில், 'காலக்கெடுவே கிடையாது' என்பதற்குப் பதிலாக 'நூறு கோடி செகண்ட் கழித்து' என்று எழுதும் பழக்கம் இருந்தது. 31 வருஷத்துக்கு மேல் ஆகுமே, யாருக்குக் கவலை? 2006 மே மாதம் ஒரு நாள், அன்றைய செகண்டோடு நூறு கோடியைக் கூட்டியபோது தொகை 2147483647-ஐத் தாண்டியது. மென்பொருள் படுத்துவிட்டது. இன்றைக்கு நீங்கள் இருபது வருஷத்துக்கு வீட்டுக் கடன் வாங்கினால், கடைசித் தவணை 2038-க்கு அந்தப் பக்கம்தான். பேங்க் கம்ப்யூட்டர் அந்தத் தேதியை இப்போதே கூட்டிப் பார்த்தாக வேண்டும்.

தினசரிக் காலண்டர் பார்க்கிறவர்களுக்கு ஒரு தகவல். செவ்வாய்க்கிழமை ராகு காலம் சாயங்காலம் மூன்று மணிக்கு. எமகண்டம் காலை ஒன்பதுக்கு. அன்றைக்கு மட்டும் சில கம்ப்யூட்டர்களுக்கு அது பதினாறு நிமிஷம் முன்னாடியே வந்துவிடும்.